தொட்டில் வந்தால் சம்பளம் குறைவதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று அங்கே ஏராளமான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு.

ஒரு கணவனும் மனைவியும் ஒரே ஆலையில், ஒரே சம்பளத்தில் சேருகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். முதல் குழந்தை பிறக்கிறது. தகப்பன் சம்பளம் வழக்கம்போல் ஏறுகிறது. தாயின் சம்பளம் நின்று விடுகிறது.

ஏன்? அவள் திறமை குறைந்து விட்டதா?

இல்லை. அவளால் 'ஓவர்டைம்' பார்க்க முடிவதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், லீவு போடுகிறவள் அவள்தான். கடைசியில் வேலையையே விட்டு விடுகிறாள். சில ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால், புது ஆள் கூலிதான்!

இது அம்பத்தூரில் மட்டும் உள்ள குறை அல்ல. 2023-ம் ஆண்டில் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர், அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின். ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் வேறுபடுவது, பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் என்று அவர் எடுத்துக் காட்டினார்.

26 வாரம் போதுமா?

பிரசவ விடுமுறைச் சட்டம் 1961-ல் வந்தது. சம்பளத்துடன் 12 வாரமாக இருந்த விடுமுறை, 2017-ல் 26 வாரம் ஆயிற்று. முதல் 2 குழந்தைகளுக்கு இது உண்டு. 'இ.எஸ்.ஐ.'யில் சேர்ந்த பெண்ணுக்கு அந்தப் பணத்தை 'இ.எஸ்.ஐ.'யே கொடுக்கிறது. ஆகவே, "பெண்ணை வைத்தால் நஷ்டம்" என்று அந்த முதலாளிகள் சொல்ல முடியாது.

நல்ல சட்டம்தான். ஆனால், 26 வாரம் என்பது 6 மாதம். 6 மாதப் பிள்ளைக்குத் தவழக்கூடத் தெரியாது! அதை யாரிடம் விட்டு விட்டு வேலைக்குப் போவது?

50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது சட்டம். தாய் தினமும் 4 தடவை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். 10 பேர், 20 பேர் உள்ள சிறு பட்டறையில் என்ன செய்வது?

வழி இருக்கிறது. பல பட்டறைகள் ஒன்று சேர்ந்து, ஒரே காப்பகம் நடத்தலாம். தொழிற்பேட்டைக்கு ரோடு பொது. காப்பகமும் பொதுவாக இருக்கட்டுமே!

தகப்பன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு தடவை அவள் லீவு போடட்டும். மறு தடவை நீங்கள் போடுங்கள்.

பிள்ளை இருவருக்கும் சொந்தம். நஷ்டம் மட்டும் ஒருத்திக்கு என்பது நியாயம் அல்ல.