வேலியை எடுக்குமுன் ஒரு கணக்கு

புரட்டாசி கடைசியில் ஒருநாள் காலை, கீழ்ப்பக்கத்து நிலத்துக்காரத் தம்பி என் தோட்டத்துக்கு வந்தார். வரப்பில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"அண்ணாச்சி, நடுவுல கிடக்க வேலிய எடுத்துருவோமா? அடுத்த வாரம் ஜேசிபி நம்ம பக்கம் வருது. செலவ ஆளுக்குப் பாதி போட்டுக்கிடுவோம். கம்பிவேலி போட்டா நிலம் பளிச்சுன்னு இருக்கும்லா?"

அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. 2017-ல் இதே வேலையை என் நிலத்தின் மேல்பக்கத்தில் செய்தவன் நான். அதனால் அவருக்கு உபதேசம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் நான் போட்டுப் பார்த்த கணக்குதான் இந்தக் கட்டுரை. நம் இயக்கத்து உழவர்களில் பலருக்கும் இதே கேள்வி வந்திருக்கும், அல்லது இனி வரும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். பயிர்க்கடன், கிணற்றுக்கடன் என்று மனு வந்தால் நிலத்தைப் பார்க்கப் போவேன். வரப்பில் ஒரு செடி இல்லாமல் சுத்தமாக இருந்தால் 'நிலம் நன்கு பராமரிக்கப்படுகிறது' என்று அறிக்கை எழுதுவேன். ஓரத்தில் புதர் மண்டிக் கிடந்தால் அந்த உழவர் சோம்பேறி என்று மனதுக்குள் குறித்துக்கொள்வேன். அந்தக் கண்ணோடுதான் ஓய்வு பெற்றபின் சங்கரன்கோவிலுக்கும் புளியங்குடிக்கும் நடுவில் நாலு ஏக்கர் வாங்கினேன். பாதியில் எலுமிச்சை, மீதியில் உளுந்து, சோளம். முதல் வருஷமே மேல்பக்கத்து உயிர்வேலியை ஜேசிபி வைத்து வழித்தெடுத்தேன். கிளுவை, இலந்தை, மஞ்சணத்தி, நொச்சி, அதன்மேல் படர்ந்த பிரண்டை, கோவைக்கொடி எல்லாம் அரை நாளில் போயிற்று. கீழ்ப்பக்கத்து வேலி பொது வேலி என்பதால் கை வைக்கவில்லை. அது தப்பித்தது என் அறிவால் அல்ல.

அந்த ஐப்பசியில் களையெடுக்க வந்த ஆச்சி ஒருவர், சாயங்காலம் சட்டென்று நிமிர்ந்து, "சார், மணி ஆறாயிட்டு. நாங்க கெளம்புதோம்" என்றார். அவர் கையில் வாட்ச் கிடையாது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஆறுமணிக்குருவி கூப்புடுதுல்லா, கேக்கலியா?" என்றார். கீழ்வேலிக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில் கேட்டது. மறுநாள் காலையில் போய்க் குனிந்து பார்த்தேன். முதுகு பச்சை, வயிறு மஞ்சள் கலந்த பழுப்பு, வாலடியில் சிவப்பு, இறக்கையில் நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்குக் குட்டை. சருகைப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருந்தது. இந்தியில் இதற்கு நவ்ரங் என்று பேர். தமிழில் தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள்.

இது நம் ஊர்க் குருவி இல்லை. மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடு கட்டும். மழை முடிந்ததும் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் இறங்கி வந்துவிடும். வந்து சேரும்போது களைத்துப்போய் வீட்டுத் திண்ணையில், கொல்லையில் விழுந்து கிடப்பதும் உண்டு. அவ்வளவு தூரம் வந்த குருவிக்கு என் நிலத்தில் இறங்கக் கிடைத்தது கீழ்வேலி ஒன்றுதான். மேல்பக்கத்தில் நான் போட்ட முள்கம்பியின் கீழே சருகும் இல்லை, நிழலும் இல்லை. எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், அந்தப் பக்கம் ஒருநாளும் அது கூப்பிட்டதில்லை.

இன்னொரு குருவியின் கதையையும் சொல்ல வேண்டும். அது நம் மலையிலேயே இருப்பது.

நம் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கிறது. தெற்கே போகப்போக செங்கோட்டைப் பக்கம் அது தாழ்ந்து ஒரு வாசல் விடுகிறது. கொல்லம் ரயில் போகிற வழி அது. ஏழெட்டு கிலோமீட்டர் அகலம்தான். மனிதனுக்கும் சாரல் காற்றுக்கும் அது பாதை. ஆனால் மலை உச்சிச் சோலைக்காட்டில் வாழ்கிற ஒரு சிறு குருவிக்கு அது கடல். சோலைக்கிளி என்று பேர். கிளி இனம் இல்லை. சாம்பல் நீல உடம்பு, வெள்ளை வயிறு. ஆயிரம் மீட்டருக்கு மேலே, இருண்ட சோலையின் தரையில் சருகுக்குள் பூச்சி தேடித் தின்னும்.

இந்தக் குருவிகளின் மரபணுவை வி.வி.ராபின் என்ற ஆய்வாளரும் அவர் தோழர்களும் மலை மலையாக ஆராய்ந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு கூட்டம், தெற்கே ஒரு கூட்டம், செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இன்னொரு கூட்டம் என்று அவை பல லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்தே கிடக்கின்றன என்று கண்டார்கள். 2017-ல் இந்தக் குருவிகளுக்கு 'சோலிகோலா' என்று புதுப் பேரினப் பெயர் வைத்தார்கள். நம்ம 'சோலை' என்ற சொல்தான் அதில் இருக்கிறது. செங்கோட்டைக்குத் தெற்கே இருப்பதற்கு அசம்பு மலையின் பெயரையே வைத்தார்கள். அதைத் தனி இனமாக எடுக்காமல் துணையினமாக வைக்கிற பட்டியல்களும் உண்டு. அது விஞ்ஞானிகள் வழக்கு. நமக்கு வேண்டிய சங்கதி வேறு.

சிறகு இருந்தும் ஏழெட்டு கிலோமீட்டரை அது ஏன் தாண்டவில்லை? கணவாயின் தாழ்ந்த, வெக்கையான நிலம் அதன் வீடு இல்லை. நிழல், ஈரம், சருகு இல்லாத இடத்தில் அது இறங்காது. ஆறுமணிக்குருவி பாதி இந்தியாவைத் தாண்டி வருகிறது, சோலைக்கிளி பக்கத்து மலைக்குப் போவதில்லை. ஆனால் இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: இறங்கி நிற்க நிழலும் சருகும்.

சோலைக்கிளி என் தோட்டத்துக்கு வராது, வரவும் வேண்டாம். அதைக் காப்பது வனத்துறை வேலை. புளியங்குடி, சிவகிரிக்கு மேலே இருக்கிற காடு 2015 முதல் நெல்லை வனவிலங்கு சரணாலயத்துக்குள் இருக்கிறது. மலைக்குக் காவல் உண்டு. சமவெளிச் சிறுகுருவிக்கு யார் காவல்? தையல்சிட்டு, கதிர்க்குருவி, தவிட்டுக்குருவி, சின்னான், தேன்சிட்டு எல்லாம் நம் வேலியை நம்பித்தான் இருக்கின்றன. தவிட்டுக்குருவிக் கூட்டம் இடம் மாறுவதைப் பாருங்கள். ஒவ்வொன்றாக, தாழப் பறந்து, இந்தப் புதரிலிருந்து அந்தப் புதருக்குப் போகும். வெட்டவெளியில் வைரி காத்திருக்கும் என்று அதற்குத் தெரியும். வரப்பை வழித்து, வேலியைப் பிடுங்கி, ஓடைக்கரையைச் சுரண்டி, தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு செங்கோட்டைக் கணவாயை நாமே வெட்டிக்கொண்டிருக்கிறோம். மலையில் அது நடக்க லட்சம் வருஷம் ஆயிற்று. நான் அரை நாளில் முடித்தேன்.

'குருவி பாவம்' என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. நம் தொழில் கணக்கும் இதில் இருக்கிறது. மருந்து அடிக்காத நிலத்தில் பூச்சியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தானியம் கொத்துகிற தூக்கணாங்குருவிகூட குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். தையல்சிட்டுக்கு மஞ்சணத்தி மாதிரி அகல இலை இரண்டு கிடைத்தால் தைத்துக் கூடு கட்டி, நாள் முழுக்கப் புழு பொறுக்கும். எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு இலை தின்னும் புழுவைத் தெரியும். சின்னதில் பறவை எச்சம் மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கும். என் தோட்டத்தில் கம்பியை ஒட்டிய வரிசையில் வாரம் இரண்டு தடவை அதைக் கையால் பொறுக்க வேண்டியிருக்கிறது. கீழ்வேலியை ஒட்டிய வரிசையில் அந்த வேலை குறைவு. இரண்டு வரிசையை வைத்து ஒரு முடிவு சொல்லிவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் முறையாகப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கோஸ்டாரிகா நாட்டுக் காப்பித் தோட்டங்களில் காய்த்துளைப்பான் வண்டுக்கு எதிராகப் பறவைகள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தார்கள். சில காப்பிச் செடிகளுக்குப் பறவை வராதபடி வலை கட்டினார்கள், சிலதைத் திறந்து விட்டார்கள். பறவை வந்த செடிகளில் வண்டுத் தாக்குதல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. 2013-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. வண்டைத் தின்ற குருவிகளுக்கு வீடு கொடுத்ததில் தோட்டங்களுக்கு நடுவே விட்டுவைத்த சின்னச் சின்னக் காட்டுத் துண்டுகளுக்கும் பெரிய பங்கு.

இப்போது தம்பிக்கு நான் போட்ட கணக்கு. நடுவேலி நூறு மீட்டர் நீளம், சராசரி இரண்டு மீட்டர் அகலம். மொத்தம் 200 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட். ஆளுக்கு இரண்டரை சென்ட். ஏக்கருக்கு நானூறு கிலோ உளுந்து என்று தாராளமாகவே வைத்தாலும் அவர் பங்கில் கூடுதலாக வருவது பத்து கிலோ. அந்தப் பத்து கிலோவுக்காக ஜேசிபி வாடகை, கல்தூண், கம்பி, ஆள்கூலி. கம்பி துருப்பிடிக்கும், தூண் சாயும். வேலியோ தானாக வளர்ந்து வருஷா வருஷம் விறகும் தழையும் தரும். அங்ககச் சான்று வாங்கியவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: ரசாயனம் அடிக்கிற பக்கத்து நிலத்துக்கும் நமக்கும் நடுவே தடுப்பு காட்ட வேண்டும். அடர்ந்த உயிர்வேலி அந்த வேலையையும் செய்கிறது. இந்த மனு என் மேஜைக்கு வந்திருந்தால், வங்கிக்காரனாகவே நான் கடன் கொடுத்திருக்கக் கூடாது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. "பாம்பு அடையும்" என்கிறார்கள். அடையும்தான். எலியையும் அதுதான் பிடிக்கிறது. வேலியோரம் வேலை செய்யும்போது கம்பு தட்டிப் போக வேண்டும். காட்டுப்பன்றியை உயிர்வேலி முழுசாகத் தடுக்காது. மயில் பிரச்சினை நிஜமானது. உளுந்து முளையைக் கொத்திப் போனால் வயிறு எரியத்தான் செய்யும். தேசியப் பறவை, 1972 சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது, நாம் கை வைக்க முடியாது. ஆனால் கம்பிவேலியும் மயிலைத் தடுப்பதில்லை. மேலே பறந்து வந்துவிடுகிறது. மயில்மேல் இருக்கிற கோபத்தைத் தையல்சிட்டின் வீட்டில் காட்டி என்ன லாபம்? சிறுகுருவியிலும் ஒரு குறும்பன் உண்டு. பூக்கொத்திக்குருவி புல்லுருவிப் பழத்தைத் தின்று விதையை மாமரக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். புல்லுருவி காய்க்கும் முன்பே கிளையோடு வெட்டிவிடுவதுதான் வழி.

எல்லா வேலியும் நல்ல வேலி என்றும் நான் சொல்லவில்லை. சீமைக்கருவேலம் மட்டும் நிற்கிற வேலியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் வழித்தெடுக்க வேண்டாம். பாதியை எடுத்து அங்கே கிளுவைப் போத்து, நொச்சி, இலந்தை, மஞ்சணத்தி ஊன்றி, அது தழைத்தபின் மீதியைத் தொடலாம். நல்ல வேலியைக் கழிக்கும்போதும் ஒரு வருஷம் ஒரு பாதி. அரிவாளை வைக்குமுன் கூடு இருக்கிறதா என்று ஒரு தடவை கையால் விலக்கிப் பாருங்கள். அடியில் விழும் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். ஆறுமணிக்குருவிக்குச் சோறு அங்கேதான் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசி, வேலியும் ஓடைக்கரையும் ஒன்றோடொன்று தொடும்படி விடுங்கள். ஒருவர் மட்டும் விட்டால் அது தீவாகிவிடும்.

நம் இயக்கத்துக்கும் ஒரு கோரிக்கை. வேலி என்றாலே கம்பியும் சோலாரும்தான் என்று ஆகிவிட்டது. அரசிடம் மானியம் கேட்கும்போது உயிர்வேலிக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். நிலத்தைப் பார்க்க வருகிற வங்கி அதிகாரியிடம், ஓரத்துப் புதர் சோம்பேறித்தனம் இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் முடிந்து தம்பி வந்தார். கணக்குத் தாளைக் காட்டினேன். மூன்று வருஷம் வேலியை விட்டால், அவர் பங்குப் பத்து கிலோ உளுந்தின் விலையை வருஷா வருஷம் நானே தருவதாகவும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"எங்கிட்ட காசு பேசுதீகளே அண்ணாச்சி" என்றார். கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, இந்த வருஷம் கிடக்கட்டும். அடுத்த வருஷம் பாப்போம். மயிலு வந்து உளுந்தைத் தின்னா உங்களத்தான் கேப்பேன்."

அவ்வளவுதான் கிடைத்தது, ஒரு வருஷத் தவணை. அதற்குள் மேல்பக்கத்தில் கம்பியை ஒட்டிக் கிளுவைப் போத்து ஊன்றிக்கொண்டிருக்கிறேன். நூற்றிருபது ஊன்றியதில் எண்பது பிழைத்திருக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லை. அரை நாளில் எடுத்ததைத் திரும்ப வளர்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று ஆச்சியிடம் கேட்டேன். "நீங்க இருந்து பாப்பீக சார்" என்று சிரித்தார்.