பூட்டிக் கிடந்த வீட்டை விற்குமுன்...



ஆள் புழங்காத வீடு சீக்கிரம் சீரழியும். கம்பம் பள்ளத்தாக்கில் கேட்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து காற்றும் சாரலும் அடிக்க, சுவரில் ஓதம் ஏறிவிடும். கம்பத்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு, அம்மாவும் போனபின் இரண்டு வருஷம் பூட்டியே கிடந்தது. அதை விற்கத் தயார் செய்தபோது தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கதவு, ஜன்னல்களைத் திறந்து ஒரு வாரமாவது பகலில் காற்றாட விடணும். வௌவால் எச்சம், எலிப் புழுக்கை கிடந்தால் அப்படியே பெருக்காதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஈரத்தோடு வழித்தெடுங்கள். கைக்குழந்தையைக் கூட்டிப்போகவே வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை, தொட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும்.

ஓதச் சுவரைப் பெயிண்ட் அடித்து மறைப்பதில் பயனில்லை. அடுத்த சாரலுக்கே உப்புப் பூத்து உரியும். விரிசலை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்தபிறகே வெள்ளையடிக்கணும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காகிதங்கள். மூலப்பத்திரம், பட்டா, வரி ரசீது எடுத்து வையுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். வாரிசுச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸ், எங்களுக்கு உத்தமபாளையம்.

இங்கேதான் பேச்சு வந்தது. "பொட்டப் பிள்ளைகளுக்கு அன்னிக்கே சீர் செஞ்சாச்சே, அண்ணன் கையெழுத்து மட்டும் போதாதா?" என்றார் உறவில் ஒரு பெரியவர். "அவங்களும் இந்த வீட்டுப் பிள்ளைங்கதானே மாமா" என்று மதினிதான் முதலில் சொன்னார்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. இது 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். ஆண் வாரிசுகள் சம்மதித்தால்தான் குடியிருக்கும் வீட்டில் பெண் பாகம் பிரிக்கக் கேட்கலாம் என்றிருந்த தடையும் 2005-இல் நீங்கிவிட்டது. சீர் வாங்கியதால் பங்கு போய்விடாது.

விடுதலைப் பத்திரம் நீட்டினால் முழுக்கப் படித்துப் பாருங்கள். விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் தெரிந்து விட்டுக்கொடுங்கள், சகோதரிகளே!