"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தடுப்புக்காவலில் அடித்தார்கள் என்று ஒருவர் சொன்னதாகச் செய்தி வந்தால், பின்னாலேயே பொலிஸ் தரப்பின் மறுப்பும் வருகிறது. "நீதவான் முன் நிறுத்தியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லையே" என்பது அதில் தவறாமல் இருக்கும். பத்திரிகைகள் அதை அப்படியே பிரசுரித்து விடயத்தை முடித்துவிடுகின்றன. அதைக் கண்டித்தே இக்கடிதம்.

எங்கள் மாவட்டத்து சிங்கராசா வழக்கை நினைவூட்டுகிறேன். 1993 ஜூலையில் ஒரு சுற்றிவளைப்பில் சுமார் 150 பேரோடு பிடிக்கப்பட்டு, கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். அவருக்கு எதிரான ஒரே சான்று, அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அது அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. விரலடையாளத்தை வற்புறுத்தி வைக்க வைத்தார்கள் என்றார். முதுகில் தழும்புகளும் இடக்கண்ணில் காயமும் இருந்ததை வைத்திய அறிக்கை காட்டியது. ஆனாலும் அடிபட்டதை அவர் எவரிடமும் முறையிடவில்லை என்று சொல்லி, மேல் நீதிமன்றம் அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு 1995இல் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு தீர்மானித்தது. அதன் பின்னும், 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அவருடைய மனுவை நிராகரித்தது.

யாரிடம் முறையிட்டிருப்பார்? நீதவானிடம் கொண்டுவந்தவர்களே திரும்பக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று தெரிந்தவன் வாய் திறப்பானா? அவன் பேசாமல் நின்றதைப் பொய்க்குச் சாட்சியாக எடுப்பது பெரிய அநியாயம்.

சொல்வதையெல்லாம் கண்ணை மூடி நம்புங்கள் என்று நான் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் இஸ்தான்புல் நெறிமுறைப்படி, சொல்லப்பட்ட சித்திரவதையோடு காயம் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்பதை வைத்தியர் படிப்படியாக மதிப்பிடலாம். உதாரணமாக, பிரித்தானியாவில் தஞ்சம் கேட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் முதுகுத் தழும்புகளை, தஞ்சம் பெறுவதற்காக வேறொருவரைக் கொண்டு அவரே சூடு போட வைத்திருக்கலாம் என்று அங்குள்ள தீர்ப்பாயம் சந்தேகித்தது. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை. அப்படிச் சூடு போட்டுக்கொள்பவர்கள் மிக அரிது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்லி, வழக்கைப் புதிதாக விசாரிக்க அனுப்பியது. ஆயுத இயக்கங்களின் சிறைகளில் அடிபட்டு வந்தவர்கள் சொன்னதையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். அதில் நம்மவர், பிறர் என்ற பேதம் கூடாது.

அரச தரப்பு சொல்வதையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. 1991 ஜூன் 12இல் மகிழடித்தீவிலும் சுற்றுக் கிராமங்களிலும் இறந்தவர்கள் மோதலின் இடையில் அகப்பட்டவர்கள் என்று இராணுவம் சொன்னது. ஜனாதிபதி ஆணைக்குழு எங்கள் சனத்தை அழைத்து விசாரித்த பிறகுதான், அது இராணுவத்தின் பழிவாங்கல் என்பது பதிவானது.

சட்டமும் அடிபட்டவனுக்கு எதிராகவே இருக்கிறது. சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததைச் செல்லுபடியாக்குகிறது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அடிபட்டவன் தலையிலேயே கட்டுகிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்கூட இந்தப் பிரிவைத் தொடவில்லை.

ஆசிரியர் அவர்களே, இனி பொலிஸாரின் மறுப்பைப் பிரசுரிக்கும்போது உங்கள் செய்தியாளர்களை இதையும் கேட்கச் சொல்லுங்கள்: பிடித்த நேரம் பதிவேட்டில் எப்படி இருக்கிறது? சட்ட வைத்திய அதிகாரியிடம் எப்போது காட்டினார்கள்? அப்போது பக்கத்தில் நின்றது யார்? வாக்குமூலம் எந்த மொழியில் எழுதப்பட்டது? பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் அதே செய்தியில் போடுங்கள்.

இப்படிக்கு,
படுவான்கரை வாசகன்,
கொக்கட்டிச்சோலை.