டி.வி. பெட்டிக் குடும்பமும் நம் வீட்டு விருந்தும்



திருமயம் ஊரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் முகூர்த்த மாதங்களில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, புதுவீடு புகுதல் என்கின்ற பெயர்களால் நடக்கும் விசேஷங்களைச் சற்றுக் கூர்ந்து கவனிப்பவர்களுக்கு ஓர் உண்மை விளங்காமல் போகாது. அவற்றில் நடக்கும் காரியங்களில் சரிபாதி, சாயங்காலத்தில் டி.வி. பெட்டிக்குள் ஒரு பணக்காரக் குடும்பம் செய்த காரியங்களின் நகலாகவே இருக்கின்றது. சீரியல் நாயகி கட்டிய மாதிரிச் சேலை, அவள் போட்ட மாதிரி ஆரி வேலை ரவிக்கை, அவள் இடுப்பில் கண்ட மாதிரி ஒட்டியாணம், அவள் வீட்டுக் கூடத்தில் கண்ட மாதிரிப் பூ மேடை! நமது பாட்டிமார்கள் பெயர்கூடக் கேட்டிராத ஹல்தி, மெஹந்தி, சங்கீத் என்பவைகளும் இப்பொழுது கூலிக்காரன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் ஏறிவிட்டன. வாசலில் பிளக்ஸ், உள்ளே பாப்கார்ன் கடை, ஐஸ்கிரீம் கடை, இவ்வளவையும் படம் பிடிக்க ஆகாயத்தில் ஒரு பறக்கும் காமிரா.

இவைகளையெல்லாம் "நாகரிகம்" என்கிறார்கள். நாம் நாகரிகத்திற்கு விரோதிகளல்ல. ரயிலையும் தையல் யந்திரத்தையும் கேஸ் அடுப்பையும் வரவேற்கின்றவர்கள் நாம். ஆனால் ஒரு காரியம் நாகரிகமா, மூடத்தனமா என்று பார்ப்பதற்கு நம்மிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. அதனால் மனிதனுக்கு வேலை குறைகின்றதா, அறிவு வளர்கின்றதா, மானம் உயர்கின்றதா என்பதே அது. இந்த அளவுகோலைக் கொண்டு டி.வி. பெட்டிக் குடும்பத்தைச் சற்று அளந்து பார்ப்போம்.

முதலாவது, இந்தத் தொடர் நாடகம் என்பது எதற்காக உண்டாயிற்று என்பதை நம் மக்கள் அறிய வேண்டும். அமெரிக்காவில் 1930-களில் ரேடியோவில் பகல் நேரத்தில் குடும்ப நாடகங்கள் நடத்தினார்கள். நடத்தப் பணம் கொடுத்தவர்கள் சோப்புக் கம்பெனிக்காரர்கள். பிராக்டர் அண்டு கேம்பிள் என்கின்ற கம்பெனி, ஆக்சிடால் என்னும் தனது சலவைச் சோப்புத்தூளை விற்பதற்காக 1933-ல் 'மா பெர்க்கின்ஸ்' என்ற நாடகத்தை நடத்தியது. வீட்டில் தனியாக வேலை செய்து கொண்டிருக்கும் பெண் கண்ணீர் விட வேண்டும். கண்ணீர் விட்ட கையோடு சோப்பு வாங்க வேண்டும். அதனால்தான் அவற்றுக்கு இன்றுவரை "சோப் ஆப்பரா", அதாவது சோப்பு நாடகம் என்று பெயர். பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டான் வெள்ளைக்காரன். நம்மவர்களோ அதற்குக் "குடும்பக் கதை" என்று பெயர் வைத்துக்கொண்டு, அதில் குடும்பம் நடத்தும் விதத்தைத் தேடுகிறார்கள்.

இரண்டாவது, அந்த அலங்காரம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்ப்போம். அமெரிக்க டெலிவிஷனில் 1957 முதல் 1963 வரை 'லீவ் இட் டு பீவர்' என்று ஒரு குடும்பத் தொடர் நடந்தது. அதில் வரும் தாயார் கழுத்தில் முத்துமாலையும் காலில் குதிகால் உயர்ந்த செருப்பும் அணிந்துகொண்டு வீட்டு வேலை செய்வார். இதைப் பார்த்து, குடும்பப் பெண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்நாட்டார் எண்ணினார்கள். அவ்வேஷம் போட்ட பார்பரா பில்லிங்ஸ்லி என்னும் அம்மையாரே பிற்காலத்தில் அதன் ரகசியத்தைச் சொன்னார். அவர் கழுத்தில் ஒரு குழி இருந்ததாம். காமிராவில் அது நிழலாக விழாமல் மறைப்பதற்கு முத்துமாலையாம். பிள்ளைகளாக நடித்த பையன்கள் வளர்ந்துவிட்டபடியால், தாய் அவர்களைவிட உயரமாகத் தெரிவதற்குக் குதிகால் செருப்பாம்! பாருங்கள் தோழர்களே, ஒரு நடிகையின் கழுத்துக் குழியை மறைக்க வந்த மாலை ஒரு தேசத்துப் பெண்களுக்கெல்லாம் இலட்சணமாகிவிட்டது. சாஸ்திரங்கள் உண்டான கதையும் அனேகமாக இப்படித்தான் இருக்கும். எவனோ ஒருவன் தன் சௌகரியத்துக்குச் செய்த காரியம், பின்னால் வந்தவர்களுக்கு விதியாகிவிடுகின்றது.

நம் நாட்டுக் கதையும் இதற்குக் குறைந்ததல்ல. 1984-ல் டெல்லி தூர்தர்ஷன் 'ஹம் லோக்' என்னும் தொடரை, குடும்பக் கட்டுப்பாடு முதலிய நல்ல விஷயங்களை ஜனங்களுக்குச் சொல்வதற்கென்றே ஆரம்பித்தது. நல்ல விஷயம் சில வாரங்களிலேயே மெலிந்துவிட்டது. அதற்கு விளம்பரம் கொடுத்த மாகி நூடுல்ஸ் மாத்திரம் வீடு வீடாகப் புகுந்துவிட்டது. 1987 ஜனவரியில் 'ராமாயண்' தொடங்கியபொழுதோ, ஜனங்கள் குளித்து முழுகி, டி.வி. பெட்டிக்கு மாலை போட்டு, ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்கள். மின்சாரத்தில் ஓடும் யந்திரத்துக்குப் பூஜை! கல்லைக் கும்பிட்டவன் கண்ணாடியைக் கும்பிட எவ்வளவு நாள் பிடிக்கும்?

தமிழ்நாட்டில் 1993-ல் சன் டி.வி. வந்தது. 1999-ல் 'சித்தி', 2002-ல் 'மெட்டி ஒலி', 2003-ல் 'கோலங்கள்' என்று வரிசையாக வந்தன. 2006 முதல் அரசாங்கமே இலவச வர்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கொடுத்து, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் அதைக் கொண்டுபோய் வைத்தது. ஏழை வீட்டிலும் உலகம் தெரியட்டும் என்று கொடுத்தது நல்லதே. நாம் அதைக் குறை கூறவில்லை. பெட்டி இருக்கட்டும், அதற்குள் தெரிவது நம் வீடா என்பதுதான் நமது கேள்வி.

சீரியல் வீட்டை நன்றாகப் பாருங்கள். அந்த வீட்டில் யாருக்காவது வேர்க்கிறதா? மாமியாரும் மருமகளும் நடு இரவிலும் பட்டுச் சேலையோடும் நகையோடும் இருக்கிறார்கள். ரேஷன் கடைக்கு யார் போகிறார்கள்? மின்சாரக் கட்டணம் யார் கட்டுகிறார்கள்? இருபது பேர் மேஜையில் சாப்பிடுகிறார்கள். சமைத்தது யார், எச்சில் பாத்திரம் துலக்கியது யார் என்று ஒரு நாளாவது காட்டினார்களா? பெண் என்பவள் அழ வேண்டும், சூழ்ச்சி செய்ய வேண்டும், பூஜை செய்ய வேண்டும், இந்த மூன்றையும் நகை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும் என்பதே அங்கே சட்டம். உழைப்பை ஒளித்து வைத்து அலங்காரத்தை மாத்திரம் காட்டும் வீட்டைப் பார்த்து, உழைத்துப் பிழைக்கின்ற வீட்டார் நகல் எடுத்தால் என்ன ஆகும்? அலங்காரம் வரும், அதோடு கடனும் வரும்.

இதை விளங்கிக்கொள்ள வெகு தூரம் போக வேண்டியதில்லை. இத்திருமயம் தாலுகாவிலேயே இராயவரம், கோனாபட்டு முதலிய ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகளைப் பாருங்கள். பர்மா, மலாய், இலங்கை நாடுகளில் சம்பாதித்த பணத்தால், பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் கொண்டுவந்து, ஒரு தெருவிலிருந்து மறு தெரு வரை நீளும் வீடுகளைக் கட்டினார்கள். ஆயிரம் பேருக்குப் பந்தி போட இடம் வைத்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவில் புகுந்தான். 1948-ல் பர்மா அரசாங்கம் நிலங்களைத் தேசியமாக்கச் சட்டம் செய்தது. வருமானம் போயிற்று, வீடு நின்றது. இன்று அவ்வீடுகளில் பல, வருஷத்தில் இரண்டொரு விசேஷத்திற்குத் திறந்து, பிறகு பூட்டிக் கிடக்கின்றன. நிலையும் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு வந்தன. செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றில் சினிமாப் படப்பிடிப்பும் நடக்கின்றது. கடல் கடந்து சம்பாதித்த கோடீஸ்வரர்களுக்கே பிறர் கண்ணுக்காகக் கட்டிய கூடத்தைக் கட்டிக் காக்க முடியவில்லை. அப்படிப்பட்ட கூடத்தைக் காமிராவில் பார்த்துவிட்டு, இரண்டு அறை வீட்டுக்காரன் ஒரு நாளைக்கு அதுபோல ஆக வேண்டும் என்கிறான்!

இனி ஒரு கணக்குப் போடுவோம். கூலி வேலை செய்யும் ஒரு குடும்பம், பதின்மூன்று வயதுப் பெண்ணின் சடங்கிற்கு 2 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் மாதம் 4000 ரூபாய் ஆகின்றது. அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடிப்பதற்கு ஐந்து வருஷம். அதற்குள் வட்டி மாத்திரம் 2,40,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். அரசாங்கப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போவதற்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டத்தை 2022-ல் அரசாங்கம் தொடங்கியது. பெண் படிக்க மாதம் 1000 ரூபாய்; பெண் "பெரியவளானாள்" என்று ஊருக்குச் சொன்னதற்கு மாதம் 4000 ரூபாய் வட்டி! இதில் அவள் படிப்பு எப்படித் தேறும்? "இனிமேல் படித்தது போதும், மில் வேலைக்குப் போ" என்றோ, "மாப்பிள்ளை வந்திருக்கிறான்" என்றோ சொல்வது இந்தக் கணக்கினால்தான். கடன் தகப்பன் பெயரில் இருக்கும். அதைக் கட்டுகின்றவள் மகள்.

மேலும், ஒரு குழந்தையின் உடம்பில் இயற்கையாக ஏற்படும் மாறுதலை அவள் படத்தோடு பிளக்ஸ் அடித்துச் சாலையில் கட்டுகிறார்களே, அவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? பையனுக்கு மீசை முளைத்தால் பந்தல் போடாதவர்கள் பெண்ணுக்கு மாத்திரம் ஏன் போடுகிறார்கள்? "கல்யாணச் சரக்கு தயார்" என்று சந்தைக்குத் தண்டோராப் போடுவதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் உண்டா?

"செலவு செய்தால் மொய் வருமே" என்பார்கள். நமது ஜில்லாவில் கீரமங்கலம், வடகாடு பக்கங்களிலும், தஞ்சை ஜில்லாவில் பேராவூரணிப் பக்கத்திலும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கின்றது. ஒருவர் தொழிலுக்கோ கிணற்றுக்கோ ஊரார் கூடி வட்டியில்லாமல் முதல் சேர்த்துக் கொடுப்பது என்றால் அது பரஸ்பர உதவி. அதை நாம் பாராட்டலாம். ஆனால் மொய் நோட்டு என்பது வரவு நோட்டு அல்ல, பற்று நோட்டு. எழுதியவன் வீட்டு விசேஷத்தில் திருப்பி எழுதியே ஆக வேண்டும். வந்த மொய்யைப் பூ மேடைக்கும் பறக்கும் காமிராவுக்கும் கொடுத்துவிட்டால், கடன் ஒன்றுக்கு இரண்டாயிற்று என்பதுதான் மிச்சம்.

"பெண்கள் அழகாக உடுத்தக் கூடாதா?" என்றும் கேட்பார்கள். தாராளமாக உடுத்தட்டும். ஆனால் யாருடைய இஷ்டத்திற்கு? பெண்ணைச் சிங்காரித்து வைப்பதற்குக் "கலை", "சம்பிரதாயம்" என்று பெயர் சூட்டுவது புதிதல்ல. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் பாடுபட்டார். இதே திருமயத்தில் 1887-ல் பிறந்த திரு. சத்தியமூர்த்தி அம்முறைக்காகப் பரிந்து பேசினார். 1947-ல்தான் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் முழுமையாக வந்தது. அம்மையார் 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர். அவர் உடுத்திய சேலையின் பெயரைக் கேட்டு யாரும் ஜவுளிக் கடைக்குப் போகவில்லை. கேட்க வேண்டியது அவர் படித்த படிப்பை.

நிற்க. "வடநாட்டு ஹல்தி வந்து தமிழ்ப் பண்பாடு கெட்டுவிட்டது, பழைய நலங்கும் புரோகிதமும் வேண்டும்" என்று சில வைதிகர்கள் இந்தச் சந்தில் நுழையப் பார்க்கிறார்கள். அவர்களோடு நாம் சேரமாட்டோம். பழைய மூடச் செலவைப் புதிய மூடச் செலவுக்கு எதிராக நிறுத்துவது, பழைய கடனைக் காட்டிப் புதுக் கடனைப் பழிப்பதற்கு ஒப்பாகும். எந்த ஊர்ச் சடங்கு என்பதில் நமக்கு வழக்கில்லை. எதற்காக, யார் பணத்தில், யார் உழைப்பில் என்பதே வழக்கு. கல்யாணத்திற்கு எவ்வளவு வேண்டும் என்பதை 1967-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை செய்த சுயமரியாதைத் திருமணச் சட்டமே சொல்லிவிட்டது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக விளங்கும் பாஷையில் சொல்லி, ஒரு மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் போதும். புரோகிதரும் வேண்டாம், பூ மேடையும் வேண்டாம்.

அப்படியானால் வீட்டுக்கு ஆட்களை அழைத்து மகிழ்வதே தப்பா? ஒருக்காலும் இல்லை. அழைக்கத்தான் வேண்டும். ஜாதி பாராமல் பக்கத்துத் தெருவையும் சேர்த்து அழையுங்கள். கையிலுள்ள பணத்திற்குள் சமையுங்கள். ஆண்கள் பரிமாறட்டும், பாத்திரமும் துலக்கட்டும். பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசட்டும். துவைத்து மறுநாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகக்கூடிய சேலையே போதும். சடங்குக்கு வைத்த பணத்தைப் பெண்ணின் பெயரில் தபாலாபீசில் போடுங்கள். கல்யாணத்திற்கு மொய்க்குப் பதில் புத்தகம் கொடுங்கள். சீரியல் பார்க்கும்பொழுதும் "இந்தச் சேலைக்கு யார் பணம் கொடுத்தது?" என்று குழந்தைகள் காது கேட்க ஒரு தரம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். பிறகு அந்தப் பெட்டி எவ்வளவு சத்தம் போட்டாலும் உங்கள் வீட்டில் கடன் பத்திரம் எழுத அதனால் முடியாது.

டி.வி. பெட்டிக் குடும்பத்தின் பட்டுச் சேலை படப்பிடிப்பு முடிந்தவுடன் கம்பெனிப் பெட்டிக்குப் போய்விடும். நகையும் வாடகைக்காரரிடம் திரும்பிவிடும். நம்முடைய சேலைக்கும் நகைக்கும் மாத்திரம் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். தாய்மார்களும் தகப்பன்மார்களும் இதை யோசித்து, அடுத்த விசேஷத்திற்குப் பத்திரிகை அடிக்குமுன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.