ஊசிக்கு முன் பேச்சு வேண்டும்

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகச் செலுத்த, 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது. தனியாரிடம் ஒரு ஊசிக்குச் சுமார் 2,000 ரூபாய் ஆகிறது. முள்ளக்காட்டிலும் வேப்பலோடையிலும் உப்பு வாரும் தாயால் அந்தப் பணத்தைப் புரட்ட முடியாது. எனவே, அரசின் முடிவை வரவேற்கிறோம்.

இந்தியாவில் ஆண்டுக்கு 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் வருகிறது. 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். கிருமி தொற்றியபின் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். இடையில் பரிசோதித்தால் காப்பாற்றிவிடலாம். ஆனால், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இந்தப் பரிசோதனையைச் செய்ததில்லை. ஒருநாள் கூலியை விட்டால் அடுப்பு எரியாத வீட்டில், வெள்ளைப்படுதலுக்காக யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்?

மகளுக்கு ஊசி என்றதும் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். ‘வயசுக்கு வந்த பிள்ளைக்கு இது எதற்கு? நாளைக்குக் குழந்தை பிறக்குமா?’ 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் பின்வாங்கியதை மறக்கவில்லை. இந்த ஊசியால் குழந்தைப்பேறு பாதிக்கப்படுவதில்லை. உடலுறவின் வழியாகப் பரவும் கிருமி என்பதால், அது தொற்றும் முன்பே போட்டால்தான் முழுப் பலன். போட்டுக்கொள்வது பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சே அல்ல.

ஆனால், நம் மக்களின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் இதே தடுப்பூசி ஆய்வுத் திட்டமாகச் செலுத்தப்பட்டது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் ஏராளம். ஆந்திரத்திலும் குஜராத்திலுமாக ஏழு சிறுமிகள் இறந்ததால் 2010-இல் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால், சம்மதம் வாங்கிய முறை தவறு. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள், 1,948-இல் கைநாட்டு. 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அந்தத் தவறு இங்கு நடக்கக் கூடாது. சமூகநீதி விடுதி என்று இப்போது பெயர் மாறியுள்ள நம் விடுதிகளில், காப்பாளர் கையெழுத்தைப் பெற்றோர் சம்மதமாக ஏற்கக் கூடாது. விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் தாயைப் பகலில் பள்ளிக்கூட்டத்துக்கு அழைத்துப் பயனில்லை. சாயங்காலம் கிராம சுகாதாரச் செவிலியர் நம் தெருவுக்கு வரட்டும். படிவத்தை வாசித்துக்காட்டி, கேள்வி கேட்க நேரம் கொடுக்கட்டும். பிள்ளையிடமும் பேசட்டும், ஊசி அவள் உடலில்தான் ஏறுகிறது. கைவலி, லேசான காய்ச்சல், தலைசுற்றல் வரலாம் என்பதையும், வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் எழுதிக் கொடுக்கட்டும். படிப்பை நிறுத்திய பிள்ளைகளை வீடுவீடாகத் தேடிச் சேர்க்க வேண்டும். கூட்டத்துக்கு வரும் தாய்மாருக்குப் பரிசோதனைத் தேதியும் அங்கேயே குறித்துத் தரலாம். ஊசி போட்ட பிள்ளைக்கும் 30 வயதுக்குப்பின் பரிசோதனை தேவை.

நம் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்பது நம் உரிமை; கேட்டுத் தெளிந்தபின் பிள்ளையை அனுப்புங்கள். காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஏற்கெனவே இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். சந்தேகத்தால் நாம் விலகி நின்றால், இருபது ஆண்டு கழித்து அந்த நோய் நம் தெருவில் மட்டும்தான் மிஞ்சும்.