பிளஸ் டூ கெமிஸ்ட்ரி நோட்ஸ்: கைக்கு வேலை, தலைக்கு லீவு

1/ "டாக்டர், பையன் பிளஸ் டூ. கெமிஸ்ட்ரிக்கு எந்த நோட்ஸ் வாங்கலாம்?" ஓ.பி.யில் மாத்திரை எழுதி முடிக்கறதுக்குள்ள கேட்கிற பெற்றோர் உண்டு. இன்பாக்ஸிலும் இதே கேள்விதான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்: எதையும் வாங்காதீங்க. ஏன்னு நீளமாகச் சொல்றேன். டியூஷன் சென்டர்களுக்கும் சில ஆசிரியர்களுக்கும் கோபம் வரும். வரட்டும்.

2/ நம்ம பள்ளிகளில் நோட்ஸ் எடுப்பது என்றால் என்ன? ஆசிரியர் கைடைப் பார்த்து வாசிப்பார், பிள்ளை எழுதும். வீட்டுக்கு வந்து அதையே ஃபேர் நோட்டில் திரும்ப எழுதும். தலைப்புக்குப் பச்சை ஸ்கெட்ச், சமன்பாட்டைச் சுற்றி சிவப்புக் கட்டம். நோட் கரெக்‌ஷனில் 'குட்' வாங்கும். இவ்வளவில் கெமிஸ்ட்ரி எந்த இடத்தில் நடந்தது?

3/ கண் பார்க்குது, கை எழுதுது, நடுவில் இருக்கிற தலைக்கு லீவு. ஜெராக்ஸ் மெஷினும் இதே வேலையைத்தான் செய்யுது. அதுகிட்ட யாரும் சென்டம் எதிர்பார்க்கறதில்லை.

4/ இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது.

5/ ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள்: 83%, மற்றவர்கள் 71%. ஒரு வாரம் கழித்து வைத்தபோது தலைகீழ். படித்தவர்கள் 40%, எழுதிப் பார்த்தவர்கள் 61%. பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, மார்ச்சில் வருது.

6/ இதில் முக்கியமான விஷயம் வேறு. "உனக்கு எவ்வளவு நினைவிருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, நான்கு முறை படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். "எல்லாம் படிச்சேன் சார், ஹாலில் மறந்துடுச்சு" என்று அழுகிற பிள்ளை பொய் சொல்லவில்லை. பார்த்தால் தெரிவதும் பார்க்காமல் வருவதும் ஒன்று என்று நம்பவைத்தது நாம்தான்.

7/ "நாங்க மைண்ட் மேப் போடுறோமே?" 2011-ல் கார்பிக்கியும் பிளன்ட்டும் அதையும் சோதித்தார்கள். பாடத்தைப் பார்த்துக்கொண்டே கருத்து வரைபடம் போட்டவர்களைவிட, மூடிவைத்து நினைவுபடுத்தி எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாகச் செய்தார்கள். படம் போடுவதில் தப்பில்லை. புத்தகத்தைத் திறந்துவைத்துப் போடுவதுதான் சிக்கல்.

8/ அடுத்தது கார்னெல் முறை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் உருவாக்கியது. வலப்பக்கம் குறிப்பு, இடப்பக்கம் சின்ன பத்தியில் கேள்விகள், கீழே சுருக்கம். யூடியூபில் எல்லோரும் கோடு போடக் கற்றுத் தருகிறார்கள். வலப்பக்கத்தைக் கையால் மறைத்து, இடப்பக்கக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அந்த முறையின் உயிர். அந்தப் பகுதி வரும்போது வீடியோ முடிஞ்சிடுது.

9/ எந்த நோட்ஸுக்கும் ஒரே கேள்வி வையுங்க: இது புத்தகத்தை மூடிவிட்டு எழுதினதா? ஆமாம் என்றால் நல்ல நோட்ஸ், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தாலும் சரி. இல்லை என்றால் அது வெறும் நகல். டாப்பரின் பிடிஎஃப் இந்தக் கேள்வியிலேயே அடிபடும். எழுதும்போது உழைத்தது அந்த டாப்பரின் தலை, உங்கள் பிள்ளையின் தலை இல்லை.

10/ இன்னொரு தப்பு, எல்லாப் பாடத்துக்கும் ஒரே மாதிரி நோட்ஸ். நம்ம பிளஸ் டூ புத்தகத்தில் 15 பாடங்கள். பெயர்தான் கெமிஸ்ட்ரி, உள்ளே மூன்று சப்ஜெக்ட் இருக்கு. மூன்றுக்கும் மூன்று விதமான நோட்ஸ் வேணும்.

11/ இயற்பியல் வேதியியல் (வேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல்): இதற்குத் தேவை தப்பு நோட்டு. கணக்கைப் பார்க்காமல் போடு. எங்கே சறுக்கியதோ அதை ஒரு வரியில் எழுது. அர்ரீனியஸ் கணக்கில் கிளர்வு ஆற்றல் கிலோஜூலில், வாயு மாறிலி 8.314 ஜூலில். செல்சியஸை கெல்வினாக மாற்ற மறந்தது. இந்த இரண்டு வரி, பார்த்து எழுதின பத்து பக்கத்தைவிட மார்க் தரும்.

12/ கரிம வேதியியல்: ஒரு வெள்ளைத்தாள். நடுவில் பீனால். அதிலிருந்து சாலிசிலால்டிஹைடு, சாலிசிலிக் அமிலம், பிக்ரிக் அமிலம் என்று அம்புக்குறி. ஒவ்வொரு அம்பின் மேலும் வினைப்பொருள். எல்லாம் நினைவிலிருந்து. விட்டுப்போனதை மட்டும் புத்தகம் பார்த்து சிவப்பில் நிரப்பு. நாளைக்குப் புதுத் தாளில் திரும்ப வரை. சிவப்பு குறைந்துகொண்டே வரணும்.

13/ கூடவே 'ஏன்' எழுது. அசிட்டால்டிஹைடு ஆல்டால் வினைக்குப் போகுது, பென்சால்டிஹைடு கன்னிசரோ வினைக்குப் போகுது. காரணம், முன்னதில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கு, பின்னதில் இல்லை. இந்த ஒரு வரி புரிந்தால் புதுசாக ஒரு ஆல்டிஹைடைக் கொடுத்தாலும் பிள்ளை யோசிக்கும். புரியாமல் நூறு வினையை நகலெடுத்தால் நூற்றி ஒன்றாவது வினையில் நிற்கும்.

14/ கனிம வேதியியல்: மனப்பாடம் அதிகம் என்று பயப்படும் இடம். இங்கே ஒப்பீட்டு அட்டவணை. காப்பர் சல்பேட் கரைசல் நீலம், ஜிங்க் சல்பேட் நிறமற்றது. ஜிங்க் அயனியில் டி ஆர்பிட்டால்கள் முழுசாக நிரம்பியிருக்கு, காப்பர் அயனியில் ஒரு எலக்ட்ரான் குறையுது. நிறம், காந்தத்தன்மை இரண்டுக்கும் இதே காரணம். மற்றதை நாளுக்குப் பத்து கேள்வியாகத் துண்டுத்தாளில் கேட்டுக்கோ.

15/ "பொதுத்தேர்வில் புத்தக வார்த்தை இருந்தால்தானே மார்க்?" நியாயமான கேள்வி. எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், வரையறையில் முக்கியச் சொல் விட்டால் போச்சு. ஆனால் அந்தச் சொல்லை ஹாலில் பார்க்காமல்தான் எழுதணும். அப்போ வீட்டில் ஏன் பார்த்து எழுதிப் பழகணும்? எழுதிவிட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடு, விட்ட சொல்லை வட்டமிடு. நீட்டில் கெமிஸ்ட்ரி 45 கேள்வி, 180 மதிப்பெண், தப்பானால் ஒரு மார்க் கழியும். அங்கே அரைகுறை நினைவுக்கு அபராதமே இருக்கு.

16/ "போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, இதெல்லாம் எங்கே?" ஆசிரியர்களின் சுமை எனக்குப் புரியுது. நான் கேட்பது கடைசி ஐந்து நிமிடம். டிக்டேஷனை நிறுத்தி, "புத்தகத்தை மூடுங்க, இன்னைக்கு நடந்ததில் நினைவிருப்பதை எழுதுங்க" என்று சொல்ல பைசா செலவில்லை. திருத்தவும் வேண்டாம், பிள்ளையே திருத்திக்கும்.

17/ இதில் நஷ்டம் யாருக்கு? வசதியான வீட்டுப் பிள்ளை பகலில் டிக்டேஷன் எழுதினாலும், சாயங்காலம் கோச்சிங்கில் டெஸ்ட் எழுதிடும். அரசுப்பள்ளிப் பிள்ளைக்கு இருப்பது இலவசப் புத்தகமும் ராத்திரி இரண்டு மணி நேரமும்தான். அதையும் ஃபேர் நோட்டும் இம்போசிஷனும் தின்னுடுது. ஒரு விடையைப் பத்து தடவை பார்த்து எழுதவைப்பது கைவலி மட்டும்தான் தரும். 2020-ல் வந்த 7.5% உள்ஒதுக்கீடு கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வரை நடக்க வேண்டிய நேரத்தைத்தான் நாம் திருடுறோம்.

18/ இந்தப் பாடம் மார்க்கோடு முடியறதும் இல்லை. அயனிச் சமநிலையில் வரும் ஹென்டர்சன் சமன்பாடு வார்டில் என்கூட வருது. சர்க்கரை நோயாளி கீட்டோஅசிடோசிஸில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால், ரத்தத்தில் பைகார்பனேட் குறைந்ததும் பி.ஹெச். ஏன் இறங்குது, உடம்பு ஏன் வேகமாக மூச்சுவிட்டு கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுது என்று அந்த நிமிஷமே தோணணும். ஃபேர் நோட்டைப் புரட்ட அங்கே நேரம் கிடையாது.

19/ தலைமை ஆசிரியர்களுக்கு: நோட்டின் அழகுக்கு மார்க் போடுவதை நிறுத்துங்க. பெற்றோருக்கு: "எழுதிட்டியா?" என்று கேட்காதீங்க. புத்தகத்தை நீங்க வாங்கி வச்சுக்கிட்டு, "பார்க்காம சொல்லு" என்று கேளுங்க. உங்களுக்கு கெமிஸ்ட்ரி தெரிய வேண்டியதில்லை. பிள்ளை திணறுகிற இடம் முகத்திலேயே தெரியும்.

20/ தம்பி, தங்கச்சிகளுக்கு: இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிங்க. இன்று நடந்த பாடம், ஒரு வெற்றுத்தாள், பத்து நிமிடம், புத்தகம் மூடி. பாதிதான் வரும், பயப்படாதீங்க. வராத பாதியை மட்டும் படிங்க. மூன்றாம் நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து அதே தாளைத் திரும்ப எழுதுங்க. காசு கொடுத்து வாங்கின பிடிஎஃப் டவுன்லோடு ஃபோல்டரிலேயே கிடக்கட்டும்.