குறடு பிடித்த கை

சாரல் காலத்தில் தென்காசியில் ரயில் இறங்கிக் குற்றாலம் போகிறோம். அருவிக்குப் போகும் வழியோரம் ஒருவர், குறடும் கையுமாக உட்கார்ந்து, வெறுங்கம்பியை வளைத்து மிதிவண்டி செய்கிறார். பேரம் பேசுகிறோம். கலைஞர் என்றழைக்க வாய் வருகிறதா?

அமெரிக்காவில் ரூத் அசாவா என்றோர் அம்மையார். ஜப்பானிய உழவர் வீட்டுப் பெண், 1926-இல் பிறந்தவர். 1942-இல், போரைக் காரணம் காட்டி, தாயோடும் உடன்பிறந்தாரோடும் பந்தயக் குதிரை லாயத்தில் அடைத்தார்கள். குற்றம்? பிறந்த இனம்! பின்னர் ஆசிரியராகப் படித்தார். பயிற்சிக்கு வகுப்பறை தர மறுத்தார்கள். பிறப்பைக் காட்டிக் கதவடைப்பது நமக்குப் புதிதா?

1947-இல் மெக்சிகோவின் தொலூக்காவில், முட்டைக்கூடை பின்னும் கைத்தொழிலாளரிடம் கம்பி பின்னக் கற்றார். உலையில்லை, அச்சில்லை, கண்ணிக்குள் கண்ணி. கூண்டுக்குள் கூண்டாகத் தொங்கும் அச்சிற்பங்களின் நிழலும் சுவரில் சேர்ந்தாடும். ஆறு குழந்தைகளை வளர்த்துக்கொண்டே செய்தார், அம்மையார்! வீட்டுப் பெண்ணின் கைவேலை, சிற்பமன்று என்று ஒதுக்கினர் விமரிசகப் பெருமக்கள். கம்பி கீறிய விரலா அவர்களுடையது?

2010-இல் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கலைப்பள்ளிக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். 2013-இல் மறைந்தார்.

அடுத்த சாரலில் அந்தக் குறடுக்காரரிடம் முதலில் பெயரைக் கேளுங்கள். விலையை அப்புறம் பேசலாம்.